பல்பு மின்னோட்டத்தைத் தின்னுமா? விலங்கியல் படித்த டீச்சருக்கு இயற்பியல் நடத்த வழி சொல்லுங்கள்

கருங்கல் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நான் படித்தது விலங்கியல். தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் குறித்துவிடுவேன். எங்கள் இயற்பியல் சார் மே மாதம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. “டீச்சரும் அறிவியல்தானே” என்ற ஒரே வாக்கியத்தில் ஒன்பது, பத்து இரண்டு வகுப்புகளின் இயற்பியலும் என் மடியில் வந்து விழுந்தது.

இயக்க விதிகளை எப்படியோ கரையேற்றினேன். ஒளியியலில் மனிதக் கண் வந்த அன்று எனக்கு உயிர் வந்தது. விழித்திரை, சிலியரித் தசை என்று ஒரு பாடவேளை முழுவதும் என் ஆட்சி. மின்னோட்டவியலில்தான் பிடிபட்டேன். “தொடரிணைப்பில் எல்லா மின்தடைகளிலும் ஒரே மின்னோட்டம் பாயும்” என்று புத்தகத்தில் உள்ளபடியே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் எழுந்து அவருக்குக் கூடமாட உதவிவிட்டு வருவதால் முதல் பாடவேளையில் பெரும்பாலும் தூங்கி வழிவான். அன்று விழித்திருந்தான்.

“டீச்சர், முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்றுவிட்டுத்தானே எரிகிறது? அப்படியானால் இரண்டாவது பல்புக்கு மிச்சம்தானே போகும்? குறையத்தானே வேண்டும்?”

எழுதிப் போட்ட வரியையே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டான். எனக்காக விட்டுக்கொடுத்து உட்கார்ந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

அன்று இரவு இணையத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். வெள்ளம்போல் வந்தது. ஒரு வீடியோவில் ஒருவர் நம் பாடப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் வாசிக்கிறார். அதை நானே செய்வேன். இன்னொன்றில் “பொதுத்தேர்வில் நிச்சயம் வரும் 20 வினாக்கள்”. வெளிநாட்டு வீடியோ ஒன்று அருமையாக இருந்தது, ஆனால் அதில் லென்ஸ் சமன்பாடு கூட்டலில் வருகிறது, நம் புத்தகத்தில் கழித்தலில் இருக்கிறது. சரி என்று ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கணக்கைக் கொடுத்தேன். முதல் தடவை ஒரு விடை, மறுபடி கேட்டபோது குறி மாறி வேறொரு விடை, இரண்டுக்கும் மன்னிப்பு. இரவு பன்னிரண்டரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

எங்களிடம் இருப்பது: முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த புரொஜெக்டர், ஒரு பழைய லேப்டாப். வகுப்பறையில் இணையம் இல்லை. என் கைப்பேசியிலிருந்துதான் கொடுக்க வேண்டும், மழை பிடித்தால் அதுவும் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் 38 பேர், எல்லாரும் தமிழ்வழி.

ஐம்பது இணைப்புகளைத் தொகுத்த பட்டியல் வேண்டாம், அது என்னிடமே மூன்று இருக்கிறது. உங்கள் வகுப்பில் நீங்களே வைத்துப் பார்த்தது எது, எங்கே நிறுத்தினீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


வடசேரி இயற்பியல்:

டீச்சர், முதலில் ஒன்று. அந்தப் பையன் கேட்டதைப் போன்ற கேள்வி என் வகுப்பில் வந்து மூன்று ஆண்டாகிறது. மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது என்று நினைப்பது உலகம் முழுவதும் பிள்ளைகள் செய்யும் பிழை. பெரியவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்டுகிறோம். அவன் அதை வாய்விட்டுச் சொன்னான், மற்ற 37 பேர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது ஃபெட் (PhET) என்ற இணையதளம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகம். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் அதற்கு அடுத்த ஆண்டே தொடங்கியது. சிமுலேஷன் என்பார்கள். திரையிலேயே கம்பி, பல்பு, மின்கலம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்று அமைக்கலாம். இலவசம். தமிழிலும் பல இருக்கின்றன, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இனி முக்கியமானதைச் சொல்கிறேன்: வகுப்பில் இணையம் வேண்டியதில்லை. ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கலாம். வீட்டில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பழைய லேப்டாப்பில் இரட்டைச் சொடுக்குச் செய்தால் குரோமில் திறந்துகொள்ளும். நான் ஆண்டுத் தொடக்கத்திலேயே பதினான்கு கோப்புகளை இறக்கி வைத்துவிடுவேன். மழையும் காற்றும் அதன்பிறகு என்னை ஒன்றும் செய்ய முடியாது, மின்வெட்டைத் தவிர.

நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறவுங்கள். ஆனால் உடனே காட்டிவிடாதீர்கள். நான் முதல் ஆண்டு அந்தத் தவற்றைச் செய்தேன். நானே இழுத்தேன், நானே மாட்டினேன், நானே வியந்தேன், பிள்ளைகள் சினிமா பார்த்ததுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் கேட்டால் பழைய பதில்தான். இப்போது கரும்பலகையில் இரண்டு பல்பு, ஒரு மின்கலம், தொடரிணைப்பு, படம் மட்டும் போடுவேன். “எது பிரகாசமாக எரியும்? முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சமமா? துண்டுத்தாளில் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.” எழுதியதை வாங்கி எண்ணி, எண்ணிக்கையைப் பலகையில் போட்டுவிட்டு அதன்பிறகுதான் திரை. ஒரு தடவை தாளில் எழுதிவிட்டால் போதும், கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் மாட்டுங்கள், இன்னொன்றை இரண்டுக்கும் நடுவில், மூன்றாவதைக் கடைசியில். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டும்.

காட்டியவுடன் “அப்படியானால் எதுதான் செலவாகிறது?” என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நான் சைக்கிள் சங்கிலியைச் சொல்வேன். மிதிப்பவன் இங்கே மிதிக்கிறான், சக்கரம் அங்கே சுழல்கிறது. சங்கிலி வழியில் எங்காவது குறைகிறதா? எந்த இடத்தில் நின்று எண்ணினாலும் நிமிடத்துக்கு அதே கண்ணிகள்தான் கடந்து போகின்றன. மிதிப்பவனுக்கு மூச்சு வாங்குகிறதே, அதுதான் ஆற்றல். சங்கிலி மின்னோட்டம். இந்த உவமைக்கும் ஓரிடத்தில் கால் ஒடியும், ஆனால் பத்தாம் வகுப்புக்கு அதுவரை தாங்கும்.

ஓர் எச்சரிக்கை. அந்தச் சிமுலேஷனில் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பற்றி எரியும். இதை யாராவது ஒரு பையன் இரண்டாவது நிமிடம் கண்டுபிடிப்பான். அப்புறம் பத்து நிமிடம் வகுப்பு உங்கள் கையில் இருக்காது. நான் இப்போது நானே முதலில் எரித்துக் காட்டிவிடுகிறேன். குறுக்குச்சுற்று என்ற சொல்லும் அதோடு முடிந்துவிடும்.

லென்ஸ் கணக்கு: இரண்டுமே சரி. நம் புத்தகத்தில் கார்ட்டீசியன் குறியீட்டு மரபு, பொருளின் தொலைவு எதிர்க்குறியில் வரும், ஆகவே சமன்பாட்டில் கழித்தல். அமெரிக்கப் பள்ளித் தளங்களில் பொருளின் தொலைவை நேர்க்குறியில் வைப்பார்கள், ஆகவே கூட்டல். குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில் என்று வைத்து இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் பிம்பம் 30 செ.மீ.யில் விழும். மரபைச் சொல்லாமல் அந்தச் செயலியிடம் கேட்டால் அது இரண்டையும் கலக்கத்தான் செய்யும். இதனால்தான் சொல்கிறேன், வெளிநாட்டு ஒளியியல் வீடியோவைப் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு. நீங்கள் முதலில் பாடத்தைக் கற்க வேண்டும், அதற்கு வீடியோ பார்த்துப் பொழுதைப் போக்க வேண்டாம். தி ஃபிசிக்ஸ் கிளாஸ்ரூம் என்ற தளம் உயர்நிலைப் பள்ளி அளவுக்கே எழுதப்பட்டது. ஆங்கிலம் எளிது, பிள்ளைகள் எங்கே தப்பாக நினைப்பார்கள் என்பதை எழுதியவர் அறிந்து எழுதியிருக்கிறார். மின்சுற்றுப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிடலாம். கான் அகாடமி பயிற்சிக் கணக்குகளுக்கு நல்லது. ஹைப்பர்ஃபிசிக்ஸ் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நினைவூட்டும் சீட்டுக்கட்டு மாதிரி, இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். ஃபெயின்மன் விரிவுரைகள் முழுவதும் இலவசமாக இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன, அது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு.


தக்கலை ஓய்வூதியர்:

முப்பத்திரண்டு ஆண்டு இயற்பியல் நடத்தியவன் எழுதுகிறேன். தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் மூன்று டார்ச் பல்பு, மூன்று மின்கலம், ஒரு முழம் கம்பி, இதற்கு எதற்குக் கொலராடோ? கருங்கல் சந்தையிலேயே கிடைக்குமே அம்மா.

சிமுலேஷனில் எல்லாப் பல்பும் ஒரே அச்சில் வார்த்தவை. கம்பிக்குத் தடையே இல்லாததுபோல் இருக்கும். மின்கலம் களைப்பதில்லை. கடையில் வாங்கும் பல்பு அப்படி நடந்துகொள்ளாது. அது நடந்துகொள்ளாத இடத்தில்தான் இயற்பியல் இருக்கிறது. திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை பிளஸ் ஒன் ஆய்வகத்தில் திருகை இறுக்காமல் அம்மீட்டரைத் திட்டுகிறது. நான் கண்ணால் கண்டது.

இணையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு இணையத்தில் பிடித்த ஒரே மனிதர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், குப்பையில் போகும் பொருளைக்கொண்டு அறிவியல் பொம்மை செய்பவர், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய தளத்தில் செய்முறைப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. குரலை அணைத்துவிட்டாலும் பாதகமில்லை, கைகள் செய்வதைப் பார்த்தால் போதும். புத்தகங்களும் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாக வைத்திருக்கிறார்.

அதில் மின்மோட்டார் ஒன்று உண்டு. ஒரு மின்கலம், இரண்டு ஊக்கு, ஒரு சிறு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள். ஒன்பதாம் வகுப்புக் காந்தவியலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம், மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடையில் மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். சுருளின் இரண்டு முனைகளிலும் எனாமலைச் சுரண்ட வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் இரண்டு ஆண்டு அப்படிச் சுரண்டிவிட்டு, பிள்ளைகள் முன்னால் சுருள் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வியர்த்தேன். ஒரு முனையை முழுதாகச் சுரண்டுங்கள், மறுமுனையில் மேல் பாதியை மட்டும். பாதிச் சுற்றில் மின்னோட்டம் அறுந்தால்தான் சுருள் திரும்பி வராமல் முன்னே உருண்டு போகும். திசைமாற்றி என்று புத்தகம் சொல்வதன் ஏழை உறவினர் இது.

வாழ்த்துகள். விலங்கியல்காரர் இயற்பியல் நடத்துவதில் குற்றமில்லை. மின்சாரத்தை ஆராய்ந்த கால்வானி தவளைக்காலில்தான் தொடங்கினார்.


மார்த்தாண்டம் மெட்ரிக்:

சாருக்கு வணக்கம். உங்களோடு சண்டையில்லை, ஆனால் மூன்று பல்பை 38 பேர் எப்படித் தொடுவார்கள்? ஆறு தொகுதி வேண்டும். தனியார் பள்ளி என்றாலும் எங்களுக்கும் ஆய்வகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பணம் வரும், அதுவும் வேதியியலுக்கு அமிலம் வாங்குவதில் தீர்ந்துவிடும்.

நான் வேறொன்று சொல்கிறேன். ஃபைஃபாக்ஸ் என்ற கைப்பேசிச் செயலி, ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டது, இலவசம். கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளை அளவுகோலாக்கித் தந்துவிடும். முடுக்கம், காந்தப்புலம், ஒலி, சில கைப்பேசிகளில் காற்றழுத்தம்கூட. அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துகடிகாரம் இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும்.

பத்தாம் வகுப்பு ஒலியியலுக்கு இதை வைத்து ஒலியின் வேகம் அளந்தோம். இரண்டு கைப்பேசி, இடையில் சரியாக 10 மீட்டர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிள்ளை. முதல் பிள்ளை கைதட்ட வேண்டும், ஒரு விநாடி கழித்து இரண்டாவது பிள்ளை. முதல் கைப்பேசி முதல் தட்டலை உடனே கேட்டுவிடும், இரண்டாவது தட்டலைத் தாமதமாகக் கேட்கும். எதிர்ப்பக்கத்தில் தலைகீழ். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தின் வேறுபாடு, ஒலி 20 மீட்டர் போக எடுக்கும் நேரம். எங்களுக்கு 0.057, 0.059, 0.056 விநாடி என்று வந்தது. 20ஐ வகுத்துப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் புத்தகச் சமன்பாடு விநாடிக்கு 349 மீட்டர் என்கிறது, நாங்கள் அதன் இருபுறமும் நின்றோம். தட்டுவதை முன்பின்னாகத் தட்டினாலும் விடை மாறாது என்பதுதான் இதன் அழகு. அது ஏன் என்று ஒரு பெண் பலகையில் படம் போட்டு விளக்கியபோது நான் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் நாள் முழுத் தோல்வி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி மேம்பாலத்துக்கு அருகில். பஸ் ஹாரன் ஒவ்வொன்றும் கடிகாரத்தை ஓட்டியும் நிறுத்தியும் விளையாடியது. செயலியில் சத்தத்தின் வரம்பைக் கூட்டி வைக்க ஓர் இடம் உண்டு, அதைக் கூட்டிய பிறகே சரியானது. கைதட்டலுக்குப் பதில் இரண்டு மரப்பலகையைத் தட்டினால் இன்னும் நல்லது.

இன்னொன்று, நாள் நெருங்குவதால் சொல்கிறேன். செப்டம்பர் 1 வாக்கில் நம் மாவட்டத்தில் நிழலில்லா நாள். நாகர்கோவில் பக்கம் நண்பகல் 12.20 மணிக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். ஏப்ரல் 11 வாக்கில் இன்னொரு முறை வரும், ஆனால் அப்போது பிள்ளைகள் தேர்விலும் நாம் விடைத்தாளிலும் இருப்போம். இந்திய வானியல் கழகம் ஊர்வாரியாகத் தேதி பார்க்க வசதி செய்திருக்கிறது. ஏன் 12 மணிக்கு இல்லாமல் 12.20க்கு என்று பிள்ளைகளே கேட்பார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் 77.4இல் இருக்கிறோம். டிகிரிக்கு நான்கு நிமிடம்.


குலசேகரம் தோட்டக்காரன்:

நான் ஆசிரியன் அல்லன், ரப்பர் விவசாயி. மகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்து இங்கே நுழைந்தேன். அவள் புத்தகத்தில் பாய்மங்கள் பாடத்தில் பால்மானி வருகிறது. பசும்பாலில் தண்ணீர் கலந்தால் பால்மானி ஆழமாக அமிழும். எங்கள் ரப்பர் பாலுக்கும் அதேபோல் ஒரு மிதவை உண்டு, மெட்ரோலாக் என்போம். ஆனால் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் அது மேலே எழும்பும். ஏன் தலைகீழாக நடக்கிறது என்று மகள் கேட்டாள். பசும்பாலில் கரைந்திருப்பதும் கலந்திருப்பதும் மொத்தத்தில் தண்ணீரைவிடக் கனம். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பால் லேசான பால், மிதவை உள்ளே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாளாயிற்று. உங்கள் பையன் வீட்டில் ரப்பர் வெட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன்.


கருங்கல் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பு. நடந்ததைச் சொல்கிறேன்.

வடசேரி சார் சொன்னபடி ஐந்து கோப்புகளை வீட்டில் இறக்கினேன். தமிழில் திறந்தது. துண்டுத்தாள் கொடுத்தேன். 38 பேரில் 27 பேர் முதல் பல்பு பிரகாசமாக எரியும் என்றார்கள், 3 பேர் இரண்டாவது, 8 பேர் சமம். அந்த எட்டில் பாதி நான் எழுதிப்போட்ட வரியை மனப்பாடம் செய்தவர்கள் என்று நினைக்கிறேன். மூன்று அம்மீட்டர்களும் ஒரே எண்ணைக் காட்டியபோது வகுப்பில் சத்தம் எழுந்தது. சைக்கிள் சங்கிலியைச் சொன்னேன். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துக் கணினியை அணைக்கப் போனேன்.

நம் ஆள் எழுந்தான். “டீச்சர், அது கம்ப்யூட்டர். அவர்கள் எப்படி எழுதிவைத்தார்களோ அப்படித்தானே காட்டும்?”

தக்கலை சாரை நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை சந்தையில் பல்பும் தாங்கியும் வாங்கி, திங்கட்கிழமை அவனையே முன்னால் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். மாட்டினான். இரண்டும் எரிந்தன. முதல் பல்பு நன்றாக, இரண்டாவது மங்கலாக! வகுப்பே கைதட்டியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தான். பாவம் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்குக் கை கால் உதறியது. விலங்கியல் வகுப்பில் தவளை எழுந்து ஓடியதுகூட உண்டு, ஆனால் இப்படி நேர்ந்ததில்லை.

“சார் சொன்னாரே, எல்லாப் பல்பும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல” என்பது சட்டென்று தலையில் தட்டியது. “இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடு” என்றேன். மாற்றிப் போட்டான். மங்கலாக எரிந்தது இப்போது முதலிடத்தில் இருந்துகொண்டு மங்கலாகவே எரிந்தது. நன்றாக எரிந்தது இரண்டாமிடத்திலும் நன்றாகவே எரிந்தது. அவன் மறுபடி மாற்றினான். மறுபடி. நான்கு தடவை. பிறகு ஆய்வக அம்மீட்டரைக் கேட்டான். முன்னால், நடுவில், பின்னால் மாட்டினான், முள் ஒரே இடத்தில் நின்றது. பல்புகளைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, “இடத்தில் ஒன்றுமில்லை டீச்சர், பல்புதான் வேறு வேறு. இது இழையில் தடை கூடுதலாக இருக்கும்” என்று நன்றாக எரிந்ததைக் காட்டினான். தடை கூடியது ஏன் கூடுதலாக எரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை, முன்பெஞ்சுப் பெண் கேட்டுவிட்டாள். மின்திறன் பாடத்தை அன்றைக்கே தொடங்க வேண்டியதாயிற்று.

தக்கலை சாரின் மோட்டார் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறது, எந்தப் பாதியைச் சுரண்டினேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலியையும் பார்த்தேன். நம் பாடத்திட்டத்தை ஒட்டித் தமிழிலேயே இருப்பதால், விடுப்பு எடுத்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றபடி வகுப்பில் போடவில்லை, போட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுகிறார்கள், ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. நிழலில்லா நாளன்று 12.10 வரை வெயில் காய்ந்து, 12.15க்கு மேகம் மூடிவிட்டது. குச்சி இருந்தது, நிழலும் இல்லை, சூரியனும் இல்லை.

தோட்டக்கார அண்ணன் எழுதியதைப் பையனிடம் சொன்னேன். அவன் அப்பா பால் கொடுக்கும் கடையில் மெட்ரோலாக் இருக்கிறதாம், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வருகிறேன் என்கிறான். வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு அவனையே வந்து செய்துகாட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் பால்மானியும் பசும்பாலும் வைத்துக்கொள்வேன். அண்ணா, மெட்ரோலாக் மிதக்க எவ்வளவு உயரமான ஜாடி வேண்டும்? எங்கள் ஆய்வகத்தில் உள்ள அளவு ஜாடிக்கு வாய் குறுகல். பாலை எத்தனை மணி வரை வைத்திருக்கலாம்?


குலசேகரம் தோட்டக்காரன்:

ஜாடி வேண்டாம் டீச்சர். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் கழுத்தை அறுத்துவிட்டால் போதும். அப்படியே மிதக்க விட்டால் பால் கெட்டியாக இருந்து மிதவை சரியாக ஆடாது, அளந்து தண்ணீர் சேர்த்த பிறகுதான் விடுவோம். எவ்வளவு என்று அந்தக் கடைக்காரரிடமே பையனைக் கேட்டு வரச் சொல்லுங்கள், அவர் மெட்ரோலாக்கில் குறித்திருக்கும் அளவுக்குத் தக்கபடி சொல்வார். நுரையை வழித்துவிட்டுப் படியுங்கள். காலையில் எடுத்த பால் நேரம் போகப் போக உறைந்துவிடும், ஆகவே முதல் பாடவேளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் பழைய செய்தித்தாள் விரியுங்கள், துணியில் பட்டால் போகாது. புதன் இரவு மழை பெய்தால் வியாழன் வெட்டு இருக்காது, வெள்ளிக்குத் தள்ளிவிடுங்கள்.